சமன்பாட்டின் வால்

சமன்பாட்டின் கடைசியில் இருந்த சின்ன உறுப்பை அவள் அழித்தாள்.

ஒரு விசைதான் தட்டினாள். சமன்பாடு குட்டையாகி, சுத்தமாக நின்றது.

கூடத்தில் ஜமுக்காளம் விரிக்கும் சத்தம் கேட்டது. இன்று அவளுக்கு வளைகாப்பு. பட்டுச் சேலை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு, கட்டிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

கருந்துளைக்குள் விழுந்தது திரும்பி வராது.

ஆனால் எது விழுந்தாலும் கருந்துளையின் விளிம்பு கொஞ்சம் விரியும். அந்த விளிம்பின் பரப்பை வைத்து, உள்ளே எவ்வளவு மறைந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். இது பழைய கணக்கு.

விளிம்பு வழுவழுப்பாக இருக்காது, சுருக்கம் விழுந்துதான் இருக்கும் என்று அவள் கணக்கைத் திருத்தியிருந்தாள். அதோடு விடவில்லை. கடைசியில் இன்னொரு சின்ன உறுப்பையும் சேர்த்திருந்தாள்.

அதற்கு அவள் கணவன் குமரவேல் வைத்த பெயர் வால்.

அவன் பம்ப்செட் கடைக்காரன். அவள் எழுதுவதில் அவனுக்குத் தெரிந்தது அந்த வால் மட்டும்தான். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் வாசலிலேயே கேட்பான்.

“வால் நிக்குதா?”

நின்றது. கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழின் மதிப்பீட்டாளர் எழுதும்வரை நின்றது.

சுருக்கங்களை அவர் ஒப்புக்கொண்டார். கடைசி உறுப்பு மட்டும் மிகச் சிறியது, விட்டுவிடலாம், முடிவு மாறாது என்று எழுதியிருந்தார். விட்டுவிட்டால் கட்டுரை உடனே வெளிவரும்.

அவர் சொன்னது சரிதான். பெரிய கருந்துளைகளில் அந்த உறுப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அவளுக்கும் அலுத்துவிட்டது. எத்தனை காலம்தான் ஒரு சின்னதைக் கட்டிக்கொண்டு அழுவது.

“நேரமாச்சு கண்ணு, வா” என்று மாமியார் கூப்பிட்டார்.

வளைகாப்பு தலைச்சன் பிள்ளைக்குத்தான் செய்வார்கள். அவளுக்கு ஏற்கெனவே ஒருமுறை செய்தாயிற்று. இதே கூடத்தில், இதே விளக்கின் முன்னால்.

அந்தக் குழந்தை ஒரு பகல் இருந்தாள். சாயங்காலம் இல்லை.

பெயர் வைக்கவில்லை. காலில் கட்டிய பட்டையில்கூட அம்மாவின் பெயர்தான் இருந்தது.

இந்த முறையும் வளைகாப்பு செய்ய வேண்டும் என்று மாமியார்தான் ஒற்றைக் காலில் நின்றார். “அதையெல்லாம் எதுக்குக் கண்ணு கணக்குல வெச்சுக்கிட்டு. இதையே தலைச்சன்னு வெச்சுக்கலாம்” என்று அவள் தலையைத் தடவினார். நல்ல மனுஷி. அதனாலேயே கூடுதலாக வலித்தது.

குமரவேல் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பகலைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. மறந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். அவன்மேல் ஆறாத கோபம் இருந்தது.

மணையில் உட்கார்ந்தாள்.

குமரவேலின் அத்தை நாச்சம்மா கன்னத்தில் சந்தனம் தடவி, முதல் வளையலை எடுத்தார். “தலைச்சன் நல்லபடியாப் பொறக்கோணும்” என்றார்.

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல நாளில் அழுதாள் என்றாகிவிடும்.

“ரெண்டாவதுங்க அத்தை.”

கதவருகில் குமரவேல். புளிச்சோற்று அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றான். நாலு பேர் முன்னால் பம்ப்செட் விலையைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாதவன்.

நாச்சம்மா வளையலோடு திரும்பிப் பார்த்தார்.

அவனுக்கு அண்டாவை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை. “இது ரெண்டாவது” என்றான் மறுபடியும். குரல் பாதியில் உடைந்தது.

மறக்கவில்லை. ஒருநாளும் மறக்கவில்லை. அவளுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

மாமியார் வளையல் தட்டோடு நின்றிருந்தார். மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். நாச்சம்மாவின் கையிலிருந்த வளையலை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

பச்சை வளையல்.

அதை விளக்கின் காலடியில் வைத்தார்.

“மொதல்ல அக்காளுக்கு” என்றார்.

பிறகுதான் இவள் கையைப் பிடித்தார். வளையல் ஏற நேரமாயிற்று.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்து அறைக்குப் போனாள். அழித்த உறுப்பை மறுபடி எழுதினாள். முழங்கைவரை வளையல் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்வது லேசில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தம். வயிற்றுக்குள் ஒரு உதை.

மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதினாள்.

பெரியவற்றில் முடிவு மாறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருந்துளை ஆவியாகி, குறைந்து குறைந்து, ஒன்றுமில்லாமல் போகவேண்டிய இடத்தில், இந்த உறுப்பு இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். விட்டுவிட்டால் மிஞ்சாது. எனவே விடுவதற்கில்லை.

குமரவேல் சாப்பாட்டுத் தட்டோடு வந்தான். கண் சிவந்திருந்தது. புளிச்சோற்றைப் பிசைந்து ஒரு வாய் நீட்டியவன், திரையை எட்டிப் பார்த்தான். பார்த்தால் மட்டும் என்ன புரியும்.

“வால்?” என்றான்.

அவள் வாயில் சோறு. விழுங்கிவிட்டுத்தான் சொல்ல முடிந்தது.

“நிக்குது.”