கடலில் விழுந்த கல்

அபூதாஹிரின் ஆஸ்பத்திரி அட்டையில் நோயைக் குறிக்கும் இலக்கம் பிழையாக விழுந்துவிட்டது.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். சிறுநீர்க் கல் இடுப்பைப் பிளக்க, ஆஸ்பத்திரியில் போய் விழுந்தான். எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை. டாக்குத்தர் ‘வருத்தம் இல்லை’, நோயொன்றும் இல்லை என்று எழுத, றெக்கோட் அறைக் கிளாக்கர் ஞானசேகரம் அதற்குரிய இலக்கத்தைப் போட்டார். வேலைத்தலத்துக்குப் போவது இலக்கம் மட்டும்தான். பொய் வருத்தம் சொல்லி லீவு எடுத்தவன் என்று அவனை வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

கிளாக்கரிடம் போய்க் கெஞ்சினான். மனுசன் கதிரையை விட்டு அசையவில்லை. ஆர் வந்தாலும் எழும்பாத ஆள். ஒரு கை இடுப்பில், மறு கையில் பார்லித் தண்ணிப் போத்தல். அந்தத் திமிரைப் பற்றித்தான் ஆஸ்பத்திரி முழுக்கக் கதை.

“கல்லுக்கு இலக்கம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. டாக்குத்தர் எழுதாமல் நான் போட ஏலாது. கல் விழுந்தால் கொண்டுவாரும்.”

கல் விழத்தான் செய்தது. கிண்ணியாவுக்குப் போகும் வள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்து கடலுக்குப் பெய்தபோது. வள்ளத்தில் போகிறவன் வேறெங்கே போவான்? கல்லோடு நோவும் போய்விட்டது.

மனைவி லைலா தலையில் அடித்துக்கொண்டாள். “துணியில வடிச்சுப் பிடிங்க எண்டு எத்தின தரம் சொன்ன. இனி மீனிட்டயா போய்க் கேக்கிற?”

வெறுங்கையோடு போய், நடந்ததைக் கிளாக்கரிடம் சொன்னான். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“மூளை இருக்கோ காணும் உமக்கு? நாளைக்கு வாரும்.”

மறுநாள் டாக்குத்தரே கூப்பிட்டார். மேசையில் ஒரு தீப்பெட்டி. உள்ளே மிளகளவில் ஒரு கல்.

“நீர் குடுத்துவிட்ட கல்லைப் பாத்தனான். இதோடயா மூட்டை தூக்கினனீர்?” என்றவர், நோயின் பெயரைத் திருத்தி எழுதிக் கையெழுத்து வைத்தார். அபூதாஹிர் அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அட்டை றெக்கோட் அறைக்கு வந்தது. கிளாக்கர் பழைய இலக்கத்தை வெட்டிப் புதியதை எழுதினார்.

“ஐயா, என்ட கல்லு கடலுக்கெல்லோ போனது. அது ஆர்ட கல்லு?”

“டாக்குத்தர் எழுதினார், நான் போட்டனான். விசர்க் கேள்வி கேளாமல் வேலைக்குப் போம்.”

சொல்லிக்கொண்டே அடுத்த அட்டைக்குக் கை நீட்டியவர், சட்டென்று பல்லைக் கடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். போத்தலில் இருந்து ஒரு மிடறு குடித்தார்.

அந்த நோவை அபூதாஹிருக்குத் தெரியும். தீப்பெட்டிக் கல்லைப் பெற்றெடுத்த ஆள் ஆரென்றும் இப்போது தெரிந்துவிட்டது: கிளாக்கர் ஞானசேகரம்.