குடிகார டேங்கும் கெட்டி ஆயிலும்

அந்த லாரியில் டீசல் டேங்குக்குக் குடிகாரன் என்று பெயர். காலையில் நிரப்பினால் சாயங்காலம் சொட்டு மிஞ்சாது. டிரைவர் மாரப்பன் அதைத் திட்டாத நாளில்லை. என்ஜின் ஆயிலையோ விரலில் தேய்த்துப் பார்த்து, "என்னா கெட்டி" என்று பூரித்துப்போவார். டேங்குக்கு வயிறு எரியும்.

"அண்ணே, உங்களைத் தள்ளித் தள்ளியே பிஸ்டனுக்கு மூச்சு வாங்குது. அதுக்கு ஊத்தியே நான் காலியாகுறேன்" என்று ஆயிலிடம் முறையிட்டது.

"பெரிய மனுசன்னா அப்படித்தான் தம்பி, லேசுல நகர மாட்டான்" என்றது ஆயில்.

ஒருநாள் மெக்கானிக், "இந்த என்ஜினுக்கு இவ்வளவு கெட்டி ஆயில் ஆகாது" என்று அதை இறக்கிவிட்டு, இளக்கமான ஆயிலை ஊற்றினார். பழையது, வண்டிக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டைக்குப் பூச உதவும் என்று கேனில் அடைபட்டு டேங்கின் பக்கத்தில் தொங்கியது.

அன்று சாயங்காலம் டேங்கில் டீசல் மிச்சமிருந்தது. மாரப்பன் டேங்கைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்லையே, திருந்திட்டான்."

"எல்லாம் நான் சொன்ன புத்திதான்" என்றது கேன்.