யார் இடிச்சா விதி?

காரின் இடது பக்கக் கதவு நசுங்கியிருந்தது. கேட் தூணில் ஒரு சாண் அகலத்துக்கு சிமெண்ட் பெயர்ந்திருந்தது. இதுக்கு மேல விசாரணை எதுக்கு? தீர்ப்பு தயாராகிவிட்டது.

"மருமகளே!"

மாமியாரும் மாமனாரும் ஒரே குரலில் கூப்பிட்டார்கள். அதுவே அதிசயம்தான். அந்தம்மா வாயைத் திறந்தால் சாமி. அவர் வாயைத் திறந்தால், சாமியாவது பூதமாவது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

மருமகள் ஓடி வந்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து லேபில் கொண்டு சேர்ப்பது அவள் வேலை. கார் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

"பொம்பளை வீட்டைப் பார்த்துக்கணும்னுதான் ஆண்டவன் படைச்சிருக்கான். மீறினா அவன் சும்மா விடுவானா?" என்றாள் மாமியார்.

"இதுல ஆண்டவன் எங்கேடி வந்தான்?" மாமனார் சீறினார். "இது சுத்த விஞ்ஞானம். பெண்கள் மூளைக்கு இடைவெளியைக் கணிக்க வராது. எங்கேயோ படிச்சிருக்கேன்."

"எதுவோ ஒண்ணு. முதல்ல சாவியை வாங்குங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்! வைம்மா சாவியை."

மருமகள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். அவ்வளவுதான், வேலை போச்சு. சாவியை நீட்டப் போனாள்.

"அவகிட்ட ஏன் பாயறீங்க?" உள்ளேயிருந்து மகன் வந்தான். "மத்தியானம் நீங்க தூங்கும்போது கடைக்குக் கிளம்பினேன். இடிச்சது நான்தான்."



"ஐயோ, என் ராசா! உனக்கு ஒண்ணும் ஆகலியே?" மாமியார் பதறினாள். "எல்லாம் விதிடா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. சாமி காப்பாத்திட்டான்."

"விதியாம் விதி!" மாமனார் தூணுக்கும் தூணுக்கும் நடுவே முழம் போட்டுக்கொண்டிருந்தார். "கேட் இவ்வளவு குறுகலா இருந்தா எவன் ஓட்டினாலும் இடிக்கத்தான் செய்வான். கட்டினவனை உதைக்கணும்."

நின்ற இடத்திலேயே கொத்தனாருக்குப் போன் போட்டார். "நாளைக்குக் காலையிலேயே வந்துடுப்பா. ஒரு தூணை இடிச்சுத் தள்ளிக் கட்டணும். பாவம், பையன் தினமும் கஷ்டப்படறான்."

மாமியார் மகனுக்குக் காப்பி போட ஓடினாள். சாவியைப் பற்றி அப்புறம் யாரும் மூச்சு விடவில்லை.

மருமகள் அவனை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எதுக்குங்க இப்படிப் புளுகினீங்க? இடிச்சது நான். எனக்கு மனசே கேக்கல. இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு," என்றான் அவன். "கொத்தனார் வந்து கேட்டை அகலப்படுத்திட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லு."