கயிறு கட்டிய பேனா

இடுப்பில் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்த கேஷியர், மணி ஒன்றரை ஆகியும் எழுந்திருக்கவில்லை. பணத்தை மேசையில் பரப்பிவிட்டுக் கூண்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பது வங்கியின் சட்டம். தண்ணீர் குடிக்கவும் அவளுக்குப் பயம்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற ஆள் நான்காவது படிவத்தை நீட்டினான். பக்கத்தில் அவனுடைய அம்மா, ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கணக்கில் ஒரு லட்சத்து இருபதாயிரம் இருந்தது. அத்தனையையும் எடுத்து, இரண்டு மணிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அவன் பேசி வைத்திருந்த வேன் கை மாறிப் போய்விடுமாம்.

கேஷியர் படிவத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் ஒரு புள்ளியோடு அழுத்தமாக நின்றது. படிவத்தில் இருந்தது மண்புழு ஊர்ந்த தடம்.

"சேரலை சார்," என்றாள்.

"கை நடுங்குது, அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? முப்பது வருஷம் செங்கல் சுமந்த கை. கைநாட்டு வச்சா மேஸ்திரி கூலியில ஏமாத்துறான்னு, வேலை முடிஞ்சு வந்து கையெழுத்து கத்துக்கிட்டவங்க எங்கம்மா. அவங்களைப் போய்த் திருடி மாதிரி நிக்க வைக்கிறீங்க."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தனக்கும் கை நடுங்க ஆரம்பித்துவிடும் என்று வரிசையில் ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மொத்தமும் கண்ணாடி ஓட்டை வழியாக உள்ளே வந்து அவள் முகத்தில் விழுந்தது.

இந்த வருடம் அவள்மீது ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகிற கிளைக்கு மாற்றல்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். பணத்தைக் கொடுத்தால் சேராத கையெழுத்துக்கு அவள் பதில் சொல்ல வேண்டும்; கொடுக்காவிட்டால் புகார். இரண்டு பக்கமும் சுவர்.

ஐந்தாவது படிவத்துக்காக அவன் பேனாவை வெடுக்கென்று இழுத்தான். கவுன்டரில் அதைக் கட்டியிருந்த கயிறு அறுந்துபோனது. பேனாவைத் தரையில் எறிந்துவிட்டு, மேனேஜர் அறைக்குள் நுழைந்து கத்த ஆரம்பித்தான்.

அம்மா குனிந்து பேனாவை எடுத்தாள். அறுந்த நூல்முனைகளை ஒன்று சேர்த்து, மெல்லிய கயிற்றில் இறுக்கமாக இரட்டை முடிச்சுப் போட்டு, நீண்டிருந்த பிசிறைப் பல்லால் கடித்துத் துப்பினாள். தனக்கு ஒரு வேலை மிச்சம் என்று கேஷியர் நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் வெளியே வந்தார். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போன எரிச்சல் அவர் முகத்தில் இருந்தது. கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடு, ஒரு சாட்சியாக நானே போட்டுவிட்டேன், இங்கே கணக்கு வைத்திருக்கிற இன்னொருவர் போட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்ட தாளைத் தந்துவிட்டுச் சாப்பிடப் போனார். எதிர் டீக்கடைக்காரரை அழைத்துவர மகன் ஓடினான்.

கேஷியருக்கு மூச்சு வந்தது. மைப்பெட்டியைக் கண்ணாடி ஓட்டை வழியாகத் தள்ளி, இனிமேல் கையெழுத்துத் தொல்லையே இல்லை, விரலை வைத்தால் போதும் என்று ஆறுதலாகச் சொன்னாள்.

அம்மா ஒற்றை விரலால் மைப்பெட்டியை அப்படியே திருப்பித் தள்ளினாள். கழுத்தைத் திருப்பி வாசல் கதவைப் பார்த்தாள். பிறகு, வீணாகிப்போன படிவம் ஒன்றின் பின்பக்கம் பேனாவை ஊன்றி, ஒரே இழுப்பில் எழுதி உள்ளே நீட்டினாள்.

கேஷியர் திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அதே சாய்வு. கடைசிப் புள்ளிகூட அதே இடத்தில்.

"அம்மா, வந்திருச்சே. இதையே படிவத்துல போட்டுடுங்க."

அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தாளைத் திரும்ப வாங்கி, நான்காகக் கிழித்துத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது. டீக்கடைக்காரர் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார், முன்னால் மகன். கேஷியருக்கு யோசிக்க இரண்டு மூச்சு நேரம்கூட இல்லை. அந்தத் தலையாட்டலுக்குக் காரணம் தெரியாது. ஆனால் அவள் கை மைப்பெட்டியை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டது.

"கைநாட்டுன்னா டாக்டர் சர்டிபிகேட் வேணும் சார். கை நடுங்குதுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

மேனேஜர் அப்படிச் சொல்லவில்லையே என்றான். அவர் மறந்திருப்பார், சட்டத்தில் இருக்கிறது என்றாள். அதன் பிறகு அவன் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. டீக்கடைக்காரரே காதைச் சொறிந்துகொண்டு நழுவிவிட்டார்.

கடைசியில் புகார்ப் புத்தகம் கேட்டான். அவளே எடுத்து ஓட்டை வழியாகத் தள்ளினாள். இது மூன்றாவது புகார். அவன் பேனாவை இழுத்து இழுத்துப் பக்கம் பக்கமாக எழுதினான். அம்மா போட்ட முடிச்சு அசையவில்லை.

அவன் தலை குனிந்திருந்த நேரத்தில், கேஷியர் கண்ணாடி ஓட்டையருகே முகத்தைக் கொண்டுவந்து, ஏன் இப்படி என்று மெல்லக் கேட்டாள்.

அம்மா மகனைப் பார்த்தபடியே சொன்னாள்:

"போன வருஷம் சரியாத்தான் போட்டேன். அந்த எண்பதாயிரத்தை அவன் இன்னும் தரலைம்மா."