ராடார் ஓயும் நேரம்

துறைமுகக் கோபுரத்தில் ஓர் அலைமானி இருந்தது. காற்றில் வரும் சிக்னல்களைப் பிரித்துத் திரையில் மேடுகளாக வரைவது அதன் வேலை. ஒருநாள் காலை, கடலில் திசைதவறிய படகொன்று உதவி கேட்டு சிக்னல் அனுப்புகிறதா என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் பக்கத்து ராடார் விட்டுவிட்டு முழங்கியதில் திரை முழுக்க அதன் மேடுதான்.

"அண்ணே, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்றது அலைமானி ராடாரிடம்.

"இருந்தால் கப்பல்கள் மோதிக்கொள்ளுமே, தம்பி!"

அலைமானி அசரவில்லை. "அப்படியானால் முழங்கத் தொடங்கும்போதெல்லாம் இந்த ஒயர் வழியாக என்னை ஒரு தட்டுத் தட்டுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தட்டு விழுந்ததும் அலைமானி சிக்னல் நுழையும் தன் கதவைச் சாத்திக்கொண்டது. முழக்கம் ஓய்ந்ததும் திறந்து, அந்தத் துளி நேரத்தில் கேட்டதை மட்டும் வரைந்தது. அடுத்த தட்டு விழுந்ததும் மறுபடி சாத்தியது. இப்படியே ஆயிரம் தடவை. திரையின் ஓரத்தில் மெல்ல ஒரு குட்டி மேடு எழுந்தது.

"அண்ணே, படகு கிடைத்துவிட்டது!"

மீட்புப் படகு சீறிக்கொண்டு கிளம்பியது.

"திசைதவறிய படகு இப்போதுதான் கூப்பிட்டதா?" என்று கேட்டது ராடார்.

"இல்லை அண்ணே. விடியற்காலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்ததாம்."

ராடார் ஒயரில் ஒரு தட்டுத் தட்டியது. அதற்கு அடுத்த முழக்கத்துக்கு நேரமாகிவிட்டது.