இருபத்தைந்து நிமிடம்

ஸ்லைடு சார் ப்ரொஜெக்டரின் பின்புறத்தை மூன்றாவது முறையாகத் தடவிப் பார்த்தார். வயரைக் காணவில்லை.

காலை எட்டு மணிக்கு அவரே மாட்டிச் சோதித்த வயர். இப்போது மணி பதினொன்று.

அந்த மருத்துவமனையில் யார் நாலு பேர் முன்னால் பேசுவதென்றாலும் அதற்குப் படம் தயாரித்துக் கொடுப்பவர் அவர்தான். கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஸ்லைடு சார் என்று சொன்னால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

அவர் முதுகுக்குப் பின்னால் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

வழக்கமான மெத்தை வைத்த சுழல் நாற்காலிகளில் அல்ல. கூட்ட அறையில் அவை ஒன்றுகூட இல்லை. இரண்டு நீள மரப்பெஞ்சுகள் கிடந்தன. கீழே வெளிநோயாளிகள் கூடத்தில் கிடப்பவை. சாய்மானம் கிடையாது. ஒன்றுக்கு ஒரு கால் குட்டை.

"நாற்காலியெல்லாம் இன்னிக்கு வேற இடத்துல தேவைப்படுது சார். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

இயக்குநரிடம் இப்படிச் சொல்லிவிட்டு சிஸ்டர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். வெளிநோயாளிகள் பிரிவின் தலைமைச் செவிலியர். இன்று பேசப்போவது அவர்தான்.

கேட்கப்போவது ஆகாத காரியம் ஒன்றுமில்லை. காத்திருப்பவர்கள் சாய்ந்து உட்கார நல்ல இருக்கைகள். இதற்குமுன் இரண்டு முறை கேட்டாயிற்று. பெஞ்சு உட்காரத்தானே, படுக்கவா என்று நிர்வாக அதிகாரி இரண்டு முறையும் ஒரே சிரிப்பைச் சிரித்தார். மூன்றாவது முறையோடு இந்தப் பேச்சு முடிந்தது என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

அதனால்தான் சிஸ்டர் ஸ்லைடு சாரைத் தேடி வந்தார்.

பத்து நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் சிஸ்டருக்குப் பாடம் எடுத்தார். திரையைப் பார்த்துப் பேசக் கூடாது. ஒரு படத்தில் ஐந்து வரிக்கு மேல் ஆகாது. ஹாலை முன்னதாகவே போய்ப் பார்க்க வேண்டும், யார் எங்கே உட்காருவது என்பதுகூட நம் கையில் இருக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. எதிரே இருப்பவர் கேட்கத் தயாராகும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

சிஸ்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கேள்வியே கேட்கவில்லை.

படங்கள் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு அம்புக்குறி பறந்துவரும். அந்த அம்புகளுக்கே இரண்டு நாள் போனது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்பது இதுதான் என்று ஸ்லைடு சார் நினைத்துக்கொண்டார். அலமாரியைத் திறந்தார். மேசைக்கடியில் தவழ்ந்தார். இழுப்பறையை இரண்டு முறை துழாவினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இயக்குநருக்குப் போன் வந்தது. பேசுவதற்காக எழுந்தார். மறுகோடியில் இருந்த நிர்வாக அதிகாரி பெஞ்சோடு சாய்ந்து, பக்கத்திலிருந்த கண் மருத்துவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். வேண்டாத விருந்தாளிக்கு வீட்டில் இப்படி ஒன்று வாங்கிப் போடலாம், காப்பி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள் என்று அந்த டாக்டரம்மா சொன்னார்.

நிர்வாக அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு ஃபைலை மடித்து அடியில் வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். காலை நீட்டினார், மடக்கினார், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

சிஸ்டர் மட்டும் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், பயத்தில் உறைந்துவிட்டார் என்று ஸ்லைடு சாருக்குத் தோன்றியது.

கடைசியில் சிஸ்டரே மெதுவாக நடந்து வந்தார். ஸ்லைடு சார் இரண்டு முறை துழாவிய அதே இழுப்பறைக்குள் கையைவிட்டு வயரை எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டார்.

திரையில் வெளிச்சம் வந்தது. சிஸ்டர் பொத்தானை அழுத்தினார். அம்புகள் பறந்தன. நிறுத்தாமல் அழுத்தினார். முதல் முப்பது படங்களும் பார்வைக்குச் சிக்காமல் ஓடின. மெதுவாக, மெதுவாக என்று ஸ்லைடு சார் கைகாட்டினார்.

முப்பத்தொன்றில் நிறுத்தினார். அதில் இருந்தது ஒரே வரி.

ஒரு நோயாளி காத்திருக்கும் நேரம், சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடம்.

"நீங்க உட்கார்ந்து இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுது சார்."

அவ்வளவுதான் பேச்சு.

பெஞ்சு ஒருமுறை கிறீச்சிட்டது.

எத்தனை இருக்கை வேண்டும் என்று நிர்வாக அதிகாரி கேட்டார். அறுபது என்றார் சிஸ்டர். அதிகாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

ப்ரொஜெக்டரை உறைக்குள் போட்டுவிட்டு ஸ்லைடு சார் கீழே இறங்கினார். பாராட்டிவிட்டு, முப்பது படங்களை இப்படி ஓட்டியதற்கு ஒரு வார்த்தை திட்டவும் வேண்டும் என்று நினைத்திருந்தார்.

வெளிநோயாளிகள் கூடத்தில் வழக்கமான கூட்டம். முன்வரிசையில் இரண்டு பெஞ்சுகளைக் காணோம்.

அந்த இடத்தில் மெத்தை வைத்த சுழல் நாற்காலிகள், ஏழு.

ஒன்றில் நிறைமாதக்காரி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்தாள். இன்னொன்றில் காய்ச்சல்காரக் குழந்தை தாயின் மடியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இயக்குநரின் உயர்ந்த நாற்காலியில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி ஒரு பெரியவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் ஸ்லைடு சாரைப் பார்த்துவிட்டார்.

"நீங்க சொன்னதுதானே அண்ணா. யார் எங்க உட்காரணும்னு நாமதான் முடிவு பண்ணணும்னு."

வயரைப் பற்றிக் கேட்க அவர் வாயெடுத்தார். சிரிப்பு முந்திக்கொண்டது.

பெரியவரின் விரலிடுக்கில் டோக்கன் இருந்தது. எண் அறுபத்தொன்று.

உள்ளே அப்போதுதான் முப்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள்.