ஐந்தாவது சிலிண்டர்

வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்கும் கணேசபாண்டியன், டாக்ஸியை மட்டும் மலிவு என்று பானட்டைத் திறக்காமலே வாங்கிவிட்டார். அது ஓடினால்தான் தாராவி வீட்டில் உலை கொதிக்கும்.

“அஞ்சாவது சிலிண்டர் சரியா எரியலன்னு காட்டுது, அண்ணாச்சி,” என்றான் மெக்கானிக் பேச்சிராஜா, வண்டியில் செருகிய ஸ்கேனரைப் பார்த்தபடி.

“இது நாலு சிலிண்டர் வண்டி, லே. ஒம் மெசினுக்குக் கணக்கு வராதோ?”

ஸ்கேனரில் பதிவான கோளாறுக் குறிப்பைப் பேச்சிராஜா அழித்தான். திரும்ப வந்தது. எதில் பழுது என்று பிடிக்க, ஓடும் என்ஜினில் சிலிண்டர்களுக்குப் போகும் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினான். நான்கையும் கழற்றிய பிறகும் என்ஜின் நிற்கவில்லை. முன்னைவிடச் சீராக ஓடியது. ஸ்கேனர் இப்போது நான்கு சிலிண்டரும் பழுது என்றது. ஐந்தாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பேச்சிராஜா சாவியைத் திருப்பி உருவினான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அண்ணாச்சி, வண்டிய விட்டுட்டுப் போயிருங்க.”

“போயி? வீட்டுல என்னத்தத் திங்க? டிராம்பே சவாரி காத்துக் கெடக்கு.”

பானட்டை அவரே மூடினார். ஏறி உட்கார்ந்து கிளம்பினார். பேச்சிராஜா சாவியை நீட்டியபடி பின்னால் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. கணேசபாண்டியன் பிரேக்கை மிதிக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ, என்னவோ.